பட்டனுக்குப் பின்னால்

அன்றாட வேலைகளை மறுபடி தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியில் முதுகலைப் பயிற்சியில் இருக்கிறேன். பக்கவாதத்தில் வலது கை முடங்கிய ஒரு தறிக்காரர் ஜலகண்டாபுரத்திலிருந்து எங்களிடம் வருகிறார். போன வாரம் அவரால் ஒரு பட்டன்கூடப் போட முடியவில்லை. இன்று சட்டை முழுக்கப் பூட்டியிருந்தது.

"நானே போட்டனுங்க."

நான் நம்பவில்லை. மனைவிதான் போட்டுவிட்டிருப்பார். நம்பி, கை தேறிவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் விரல் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள்.

"கழட்டிட்டு மறுபடி போடுங்கண்ணா."

இடது கையால் மேலிருந்து கீழே ஒரே தடவல். சட்டை மூடிக்கொண்டது.

சந்தேகம் இன்னும் கூடியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். பட்டன்களெல்லாம் மேலே சும்மா தைத்தவை. உள்ளே, செருப்பில் வருமே, அந்த ஒட்டும் பட்டை.

கூட வந்திருந்த மனைவி பதறினார். "நான் போட்டு உட்டா கோவிச்சுக்கறாருங்க. அதான் பழைய செருப்புப் பட்டைய வெட்டித் தெச்சுட்டேன். தப்புங்களா?"

"தப்பே இல்லீங்கக்கா. நாங்க பாடமாப் படிக்கறதே இதைத்தான்."

விரல் பயிற்சி தொடரட்டும் என்று எழுதினேன். தறிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கா சாமி ரெண்டு வருசம் படிக்கறீங்க?"

யாரிடமாவது நல்ல பதில் இருந்தால் சொல்லுங்கள். வியாழக்கிழமை மறுபடி வருகிறார்கள்.