சந்தியாப்பிள்ளை திருப்பிக் கொடுக்காத தெர்மாமீற்றர்

போன கிழமை, நான் கிளாக்கராக இருக்கும் அரசாங்க ஏஜெண்டுத் துரையின் கந்தோரில் தரை கழுவினார்கள். கார்பாலிக் மணம். எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள் — எனக்கு மட்டும் கூடவே சாம்பிராணியும் மணத்தது. ஏன் என்கிறீர்களா? பேசாலைக் கோவிலில் ஒரு ஞாயிறு இரண்டையும் ஒரே மூச்சில் இழுத்தவன் நான்.

என் மனைவியின் தங்கை றீற்றா, மன்னார் ஆசுபத்திரியில் மிஸி, அதாவது நர்ஸ். மலேரியா திரிந்த காலம். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் குளித்து, தலைவாரி, ஓரிடத்தில் இருப்பது எப்போது? ஞாயிறு பூசைக்கு. கோவிலிலேயே காய்ச்சல் பார்க்கச் சுவாமியார் சம்மதித்தார். பெயர் எழுத நான். தெர்மாமீற்றர்... ஒன்றே ஒன்று; ஆளுக்கு ஆள் கார்பாலிக்கில் கழுவ வேண்டும்.

அன்று மத்தியானம் படகுகள் முசலிக் கரை வாடிக்குப் புறப்படுகின்றன. ஒரு மாதம் அங்கேயே குடிசை போட்டு மீன்பிடி. வைத்தியர் இல்லை, காய்ச்சலுக்குக் கொயினா இல்லை. போன முறை பேசாலை மரியம்மாவின் தம்பி அங்கிருந்து பாய்ச்சீலையில் சுற்றிய பிணமாக வந்தான். இந்த முறை போகவிருக்கும் அவள் புருஷன் சந்தியாப்பிள்ளை மூன்று நாளாக நடுங்குகிறார். கேட்டால், "கச்சான் காத்துக் குளிர்" என்கிறார்.

"மிஸி, இவரை விட்டிடாதேங்கோ," என்று வாசலிலேயே அவள் றீற்றாவின் கையைப் பிடித்தாள்.

பூசை முடிந்தது. நற்கருணை அப்பம் வாங்கும் கிராதியருகே றீற்றா நின்றாள் — அங்கேதான் வெளிச்சம். முதல் ஆளே முழந்தாளிட்டு, கண்மூடி, நாக்கை நீட்டினார்.

"நாக்குக்குக் கீழ வைக்கிறன். வாயை மூடுங்கோ. கடிக்காதேங்கோ."

சின்ன வயதில் நற்கருணைக்குச் சொல்லிக்கொடுத்த அதே 'கடிக்காதே'. என்ன செய்வார் மனிதர்? எழுந்து, கைகூப்பி, தெர்மாமீற்றரோடு தான் உட்காரும் வாங்குக்குப் போய் முழந்தாளிட்டார். ஒரு மந்திரத்தை மனதுக்குள் சொல்லி முடித்தே வாயைத் திறந்தார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும்... றீற்றா கோவில் முழுக்க ஓடினாள்.

சந்தியாப்பிள்ளை முறை வந்தது. போய் முழந்தாளிட்டவர் எழும்பவேயில்லை. செபமாலையின் ஐம்பத்துமூன்று மணிச் செபமும் முடிந்திருக்கும். கரையில் சங்கு ஊதிக் கூப்பிட்டார்கள்.

"அண்ணை, அதைத் தாங்கோ."

கோவில் மூப்பர் குறுக்கே வந்தார். "மிஸி, செபத்தில இருக்கிறவரைக் கலைக்கப்படாது."

"மூப்பர், அவற்ற வாயில இருக்கிறது கவர்ன்மேந்துச் சாமான்."

"கவர்ன்மேந்து வெளியில. இது கோவில்."

எனக்கு விளங்கிவிட்டது. காத்திருந்தால் பாதரசம் இறங்கிவிடும் என்று மனிதர் நம்புகிறார். உதறினால் ஒழிய இறங்காது என்று அவருக்கு யார் சொல்வது?

மரியம்மா பக்கத்தில் முழந்தாளிட்டு, ஊருக்கே கேட்கச் செபித்தாள். "மாதாவே, இவர் வாடிக்குப் போறதெண்டா, துணைக்கு என்ர அம்மாவையும் ஏத்திவிடுறன்."

சந்தியாப்பிள்ளையின் வாய் தானாகத் திறந்தது.

நூற்றுமூன்று.

படகுகள் அவரில்லாமல் போயின. நாங்கள் அவரை மன்னாருக்கு ரயிலேற்றினோம். மருந்தைக் கோவிலுக்குக் கொண்டுபோனால் அதுவும் செபிக்கத் தொடங்கிவிடுகிறது... என்ன செய்ய?

பத்தாம் நாள், கொயினாக் கசப்போடு, சொந்தக் காலில் ஆசுபத்திரி வாசல்வரை நடந்தார். மரியம்மா துணிமூட்டையோடு முன்னால். அவர் மட்டும் றீற்றாவிடம் திரும்பினார்.

"போயிட்டு வாறன், மிஸி. உங்கட குச்சிக்கு ஒண்டு சொல்லி வையுங்கோ. பாவசங்கீர்த்தனத்தில கேட்டதைச் சுவாமியாரே வெளியில சொல்லப்படாது."