செருப்பைக் கழற்றிவிட்டு வாசித்த கடிதம்

பொய் சொன்னது அப்பா. மாட்டிக்கொண்டது நான்.

என்னைப் பெண் பார்க்கச் சேலத்திலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, "பொண்ணு மைசூருலயே படிச்சதாச்சே, தமிழ் எழுதப் படிக்க வருமா?" என்று கேட்டார். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பா கேசரித் தட்டை அவர் பக்கம் தள்ளிக்கொண்டே, "என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? தினமும் பேப்பரை ஒரு வரி விடாமப் படிச்சுடுவா" என்றார். எங்கள் வீட்டுக்கு வந்தது கன்னடப் பேப்பர். அதை அப்பா சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

நான் கன்னட மீடியம். வீட்டில் பேசுவது தமிழ், சண்டை போடுவதும் தமிழ், ஆனால் ஒன்று இரண்டு எண்ணுவது கன்னடத்தில். தமிழ் எழுத்து எனக்கு சினிமா போஸ்டரில் பார்த்த முகம், அவ்வளவுதான். எதிரே வந்தால் தமிழ் என்று அடையாளம் தெரியும், பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாது.

மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஆபீஸ்ல என்ன வேலை?" ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் யூனிக்ஸ் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தேன். நின்றுபோன பிரிண்டர் ஒன்றை எப்படி வழிக்குக் கொண்டுவந்தேன் என்பதில் கால் மணி நேரம் போயிற்று. அம்மா சமையலறை வாசலிலிருந்து கண்ணாலேயே என்னைக் கிள்ளினாள். அந்த மனிதர் கொட்டாவி விடாமல் கேட்டார். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. "எது கெட்டுப்போனாலும் சரி பண்ணிடுவேன்" என்று முடித்தேன். வாய்க்கொழுப்பு.

அவர் சிங்கப்பூர் போய் ஒரு மாதத்தில், ஒரு திங்கட்கிழமை, ஆபீஸ் முகவரிக்கு அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மேலே சில வரிகள் ஆங்கிலத்தில் இருந்தன. மீதியைத் தமிழில் எழுதியிருக்கிறேன், எழுத்துக்கான ஃபாண்டையும் கூட அனுப்பியிருக்கிறேன், இங்கே இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடுவதா இல்லையா என்று சனிக்கிழமை நான் சொல்லியாக வேண்டும், அதற்குள் உங்கள் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே திரை முழுக்கக் கோணல் கோடுகளும் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகளும்.

என்ன கேட்கிறார்? கல்யாணம் வேண்டாம் என்கிறாரா? இரண்டு வருடம் தள்ளிப்போடுவோம் என்கிறாரா? போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் அப்பாவின் பொய் அம்பலமாகும், என் வாய்க்கொழுப்பும் அம்பலமாகும். ஒரு ஃபாண்ட் போடத் தெரியாதவளா நான்? போட்டுவிட்டு எழுத்துக் கூட்டி எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்போது எனக்கிருந்த கவலை ஃபாண்ட் மட்டும்தான்.

இன்று மாதிரி ஃபாண்டை இரண்டு தட்டுத் தட்டினால் உட்கார்ந்துகொள்கிற காலமில்லை அது. ஃபாண்டை ஒரு கோப்புறையில் வைக்க வேண்டும். அதில் என்னென்ன எழுத்து இருக்கிறது என்று ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். பிறகு திரையிடம், 'இந்தப் பாதையிலும் போய்த் தேடு' என்று சொல்ல வேண்டும். எல்லாம் முறைப்படி செய்தேன். பாதை சரியில்லை என்றது. செவ்வாய்க்கிழமை, கோப்புறையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று அனுமதி கொடுத்தேன். பாதை சரியில்லை. பட்டியலை அழித்து மறுபடி எழுதினேன். பாதை சரியில்லை. ஒருவேளை அவர் அனுப்பிய ஃபாண்டே கோளாறோ என்று, ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் இணையக் கிடங்கிலிருந்து வேறொரு தமிழ் ஃபாண்டை இறக்கினேன். பெயர் வேறாக இருந்தால் குழப்பம் வருமென்று அதற்கும் அவருடைய ஃபாண்டின் பெயரையே வைத்தேன். புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன். பாதை சரியில்லை.

"போடா பேமானி" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து போய்விட்டார்.

வியாழக்கிழமை மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. என் மேஜையில் இருந்தது முழுக் கணினியே அல்ல. ஒரு திரை, ஒரு விசைப்பலகை, அடியில் ஒரு சின்னப் பெட்டி. நிஜ இயந்திரம் டைரக்டரின் கண்ணாடி அறையில் இருந்தது. என் கோப்பெல்லாம் அங்கே. ஆனால் திரையில் எழுத்தை வரைவது என் மேஜைப் பெட்டி. என் கோப்புறை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. மூன்று நாளாக நான் வழி சொல்லிக்கொண்டிருந்தது அந்த வீட்டுக்கே போகாத ஆளிடம். இதை மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவளே நான்தான். தலையில் அடித்துக்கொண்டேன், தயிர்க் கையோடு.

அப்படியென்றால் நிஜ இயந்திரத்தின் திரை முன்னால் போய் உட்கார வேண்டும். அந்த அறைக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தூசி போனால் இயந்திரம் கெடும் என்பது ஒரு காரணம். ஆயுத பூஜையன்று அதற்கு வைத்த சந்தனமும் குங்குமமும் திரையின் சட்டத்தில் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் இருக்கும் என்பது இன்னொரு காரணம்.

வெள்ளிக்கிழமை காலை வெறுங்காலோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். கட்டளையைத் தட்டினேன். திட்டவில்லை. கடிதத்தைத் திறந்தேன். திரை நிறையத் தமிழ்!

"ஆஹா!" என்று கத்திவிட்டேன். டைரக்டர் எழுந்து வந்தார். கர்நாடகத்து மேல்கோட்டை வழி வந்த ஐயங்கார் அவர். வீட்டில் பேசுவது ஏதோ ஒரு காலத்துத் தமிழ். "என்னம்மா ஆச்சு? ஓ, தமிழா! எத்தனை லட்சணமா இருக்கு பாரு. பேஷ், பேஷ்! யாரு எழுதினது?"

"சிங்கப்பூர்லேர்ந்து சார். கல்யாண விஷயம்."

"அப்படியா! என்ன எழுதியிருக்கார்?"

நான் திரையைப் பார்த்தேன். திரை என்னைப் பார்த்தது. எழுத்துக் கூட்ட எனக்கு ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. "நீங்களே படிங்க சார்" என்றேன்.

"எனக்கெங்கே வரும்? எங்காத்துல தமிழ் பேசறதோட சரி, படிக்கறதெல்லாம் கன்னடத்துலதான். நீ படிம்மா."

"எனக்கும் வராது சார்."

இரண்டு தமிழர்கள் ஒரு தமிழ்க் கடிதத்துக்கு முன்னால் வெறுங்காலோடு நின்றோம். டைரக்டருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அழுகை வந்தது. நாளைக்குச் சனிக்கிழமை.

அப்போது அறையின் அட்டெண்டர் காப்பி கொண்டு வந்தார். மார்டள்ளி என்கிற தமிழ்க் கிறிஸ்தவ ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கோவில் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர். டைரக்டர் அவரை இழுத்து நிறுத்தினார். "நீர் படியும் ஓய்!"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வாய் அசைந்தது. மறுபடி அசைந்தது. என்னைப் பாவமாகப் பார்த்தார். "அம்மிணி, எழுத்தெல்லாம் தமிழ்தானுங்க. ஆனா ஒரு வார்த்தைகூடத் தமிழில்லீங்களே. யாரோ அச்சைக் கொட்டிக் கவுத்தாப்ல இருக்குது."

அந்த உளறலைப் பார்த்துத்தான் டைரக்டர் பேஷ் போட்டிருந்தார். அவர் காப்பியை எடுத்துக்கொண்டு மெதுவாகத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

எனக்குக் கண்ணீர் நின்று கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும். இரண்டு ஃபாண்ட், ஒரே பெயர். பெயர் வைத்த புண்ணியவதி நான். வரிசையில் முன்னால் நிற்பதைத்தான் திரை எடுத்துக்கொள்ளும். முன்னால் நின்றது கிடங்கிலிருந்து இறக்கியது. அவர் 'அ' என்று அனுப்பியதை அது 'ழ' என்று காட்டிக்கொண்டிருந்தது. அந்த ஃபாண்டைத் தூக்கி எறிந்தேன். பட்டியலைப் புதிதாகப் படி என்றேன். கடிதம் ஒரு முறை கண்ணிமைத்துத் திரும்ப வந்தது. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அட்டெண்டர் முகத்தில் தெரிந்தது.

"இப்ப வந்துருச்சுங்!"

அவருக்குத் தெரிந்த வாசிப்பு ஒன்றே ஒன்றுதான். நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி, கோவிலில் வாசிக்கும் அதே குரலில் ஆரம்பித்தார்.

"பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டார் உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். நான் உங்கள் வேலையைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் பிரிண்டரைப் பற்றிச் சொன்னீர்கள். எனக்கு அதுதான் பிடித்தது." என் காது சுட்டது. டைரக்டர் ஏதோ காகிதத்தைப் படிப்பதாக நடித்தார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"கல்யாணமானதும் நீங்கள் வேலையை விட்டுவிட்டுச் சிங்கப்பூர் வருவீர்கள் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்துவிட்டார்கள். உங்களை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். நான் கேட்கிறேன். மைசூர் எனக்குத் தெரியாத ஊர். கன்னடத்தில் ஒரு சொல்கூட வராது. ஆனால் நீங்கள் வரச் சொன்னால், இங்கே கையெழுத்துப் போடாமல் வந்துவிடுகிறேன்."

யாரும் என்னைக் கேட்கவில்லைதான். நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வேலையை விட வேண்டும் என்பது மழைக்காலத்துக்குப் பின் குளிர் வருகிற மாதிரி தானாக நடக்கப்போகிற விஷயம் என்று இருந்துவிட்டேன். அழுதேன், மறைக்கவில்லை.

"இன்னும் இருக்குதுங்க" என்று அட்டெண்டர் தொடர்ந்தார். "இதை ஆங்கிலத்திலேயே எழுதியிருப்பேன். ஆங்கிலத்தில் எனக்கு லீவு லெட்டர்தான் வரும். உங்கள் அப்பா பேப்பர் என்று சொன்னபோது, அலமாரியில் இருந்தது கன்னடப் பேப்பர் என்பதைப் பார்த்தேன். ஆகவே இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தால், அவருக்கு என் வணக்கம்."

அட்டெண்டர் நிறுத்தினார். "நமக்குங்களா?" என்று கேட்டார். பிறகு குங்குமம் வைத்த திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கோவிலில் வாசகம் முடிந்ததும் சொல்கிற பழக்கதோஷத்தில் "இது ஆண்டவரின்..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். டைரக்டர் சிரித்த சிரிப்பில் காப்பி காகிதத்தில் கொட்டியது.

எல்லாம் தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறார், திருட்டு மனிதர்!

ஆங்கிலத்தில் பதில் எழுத ஐந்து நிமிடம் போதும். எனக்கு மனசு வரவில்லை. ஃபாண்டில் உள்ள எல்லா எழுத்தையும் கட்டம் கட்டமாகக் காட்டும் ஒரு நிரல் இருந்தது. அதைத் திறந்து வைத்தேன். "அண்ணா, எனக்கு ஒரே ஒரு வார்த்தை எழுதணும். எந்தக் கட்டம்னு காட்டுங்க" என்றேன். அவர் திரையைத் தொடாமல் விரலை நீட்டினார். "முதல்ல இந்த 'வ'னாங்க, அம்மிணி. பக்கத்துல கால் போடோணும்." தப்பான சாவியைத் தட்டினேன், அழித்தேன், திரும்பத் தட்டினேன். டைரக்டர் யாரும் கூப்பிடாதபடி தன் போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு எங்கள் பின்னால் வந்து நின்றார். அரை மணி நேரத்தில் நான் வாழ்க்கையில் முதன்முதலாகத் தமிழில் ஒரு சொல் எழுதி முடித்தேன்.

வாங்க.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள்தான் ஆபீஸ். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன். பதில் வந்திருந்தது. அதிலும் ஒரே சொல்தான். அட்டெண்டர் வாசலில் யாருக்கோ காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடவில்லை. முதல் எழுத்து எனக்குத் தெரிந்த 'வ'. மற்ற இரண்டையும் கட்டத்தில் தேடினேன், விரல் வைத்து, உதடு அசைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. பிறகு சத்தமாகவே வாசித்தேன்.

"வரேன்."