காயாத சுவர்

உத்திரமேரூரைத் தாண்டி, திருப்புலிவனம் போகும் வழியில் ஒரு சின்னக் கோயில். அதன் மதிலில் லென்ஸை வைத்துக் கண்ணை ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். மழை ஓய்ந்து இரண்டு நாள் கழிந்த காலை. வெறுங்கண்ணுக்கு ஒரே பச்சை. லென்ஸுக்குள் இரண்டு பாசிகள், இரண்டு காடுகள். ஒன்றின் இலைநுனி மொட்டை. மற்றதன் நுனியில் ஒரு வெள்ளை முடி.

வெள்ளையடிப்பதற்காக மதிலைச் சுரண்டிக்கொண்டே வரும் சித்தாள் செல்வி, என் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

"இன்னா சார் கீது அதுல?"

லென்ஸைக் கொடுக்கிறேன். "மொட்டையா இருக்கறது எல்லா ஊர்லயும் இருக்கு. முடி வெச்சது அழியுதா, பொழைக்குதான்னே தெரியாது. அழியற செடிங்க பட்டியல்ல 'தகவல் போதவில்லை'ன்னு எழுதியிருக்காங்க."

"எங்க தெருவையும் அப்பிடித்தான் எழுதிக்கினு போனாங்க. அப்பால யாரும் வரல."

லென்ஸை எடுக்காமல் வெகுநேரம் பார்க்கிறார். பிறகு இரண்டு முழம் தள்ளிப் போய்ச் சுரண்டத் தொடங்குகிறார்.

"இந்த இடம்?" என்கிறேன்.

"ஈரத்துல சுண்ணாம்பு புடிக்காது சார். மேஸ்திரி கேட்டா, இன்னும் காயலன்னு சொல்லிக்கிறேன்."

சொல்லிவிட்டு வாளித் தண்ணீரைக் கைநிறைய அள்ளி அந்த இடத்தில் தெளிக்கிறார். சுருண்டிருந்த இலைகள், தூக்கத்தில் விரல் பிரிவதுபோல் மெல்ல விரிகின்றன.

"நாளைக்கும் காயாது," என்கிறார்.