கடைசியா கை வச்சது யாரு?

உடையப்பனைக் கூப்பிட்டால் முதலில் வருவது அவன் வாய்தான். ஸ்க்ரூடிரைவர் அப்புறம்தான் வரும். ரேடியோ பாடவில்லையா, காற்றாடி சுற்றவில்லையா, எதுவானாலும் சாமானைத் தொடவே மாட்டான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்ப்பான். "கடைசியா இதுல கை வச்சது யாரு?" என்பான். என்னமோ பெரிய இன்ஸ்பெக்டர்!

செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். ஒரே வகுப்பு வேறு. எழுபத்தைந்தில் தோட்டத்துத் திருவிழாவில் மைக்செட் ஊமையாகிவிட்டது. பெரியவர்கள் எல்லாம் பெட்டியைப் போட்டுக் குத்திக்கொண்டிருந்தார்கள். பதினைந்து வயசு உடையப்பன் நடுவில் போய் நின்று இதே கேள்வியைக் கேட்டான். பார்த்தால், கோயில் தலைவர் தன் சட்டைக்கு இஸ்திரி போட பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். அன்றைக்கு அவனுக்கு நல்ல பெயரும் கிடைத்தது, தலைவர் கையால் முதுகில் இரண்டும் கிடைத்தது.

அப்புறம் ஈப்போவில் ஒரு தௌக்கேயின், அதாவது சீன முதலாளியின், ரேடியோ கடையில் சேர்ந்தான். கம்ப்யூட்டர் வந்ததும் அதையும் விட்டுவைக்கவில்லை. எங்கேடா படித்தாய் என்று கேட்டால், "கழட்டிப் பார்த்துப் படிச்சேன்" என்பான். அடக்கம் என்பது அவன் இருக்கிற தெருப்பக்கமே போனதில்லை.

எண்பத்தேழில் நான் காசிவிஸ்வநாதன் செட்டியாரின் ரப்பர் வியாபார ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. கீழே ஆபீஸ், மேலே அவர்கள் வீடு. அப்பா கை விளங்காமல் படுத்திருந்த வருஷம் அது. வீட்டில் உலை கொதித்ததே என் சம்பளத்தில்தான்.

சரஸ்வதி பூஜைக்கு நான்தான் ஆபீசைக் கழுவித் துடைத்து, கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். என் பிளாப்பி தட்டுகளை எல்லாம் எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் பூவோடு அடுக்கினேன். செட்டியார் பெரிய குரலில் சொன்னார்: "நாளைக்கு மறுபூஜை முடியிற வரைக்கும் ஒருத்தரும் எதுலயும் கை வைக்கக்கூடாது. சாமி குத்தமாயிரும்!"

மறுநாள் பூஜை முடிந்து மிஷினைப் போட்டோம். விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது, திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது. அவ்வளவுதான், அப்படியே நின்றுவிட்டது. செட்டியார் குதித்தார்.

"ஒஞ் சந்தனம்தான் உள்ள எறங்கிருச்சு! ரோசாக் பண்ணிட்டியே, மிஷினே கெட்டுப் போச்சே! தொடாதே, தள்ளிப் போ! இது சரியாகலேன்னா நாளையிலேருந்து நீ வர வேணாம்."

ஒரு பொட்டுச் சந்தனத்துக்கு வேலை போவதா? உடையப்பன் கடைக்குப் போன் போட்டேன். "இதோ வாரேன்லா, அழாத" என்றான். நான் எங்கே அழுதேன்!

வந்தான். போட்டான், அணைத்தான், காதை வைத்துக் கேட்டான். "ஒரே ஒரு பீப். கரண்டு நல்லாருக்கு, போர்டும் நல்லாருக்கு. சந்தனம் மேலேயே காஞ்சு கெடக்கு." அப்புறம் குனிந்து பிளாப்பி சொருகும் வாயைப் பார்த்தான். நானும் அப்போதுதான் பார்த்தேன். அதன் சின்னக் கைப்பிடி மடங்கியிருந்தது. உள்ளே தட்டு இருந்தால் ஒழிய அதை யாரும் மடக்குவதில்லை. இந்த மிஷின் எழுந்ததும் முதலில் அந்த வாயைத்தான் பார்க்கும். அங்கே கண்ட தட்டும் கிடந்தால் அதோடு மல்லுக்கட்டி நின்றுவிடும், தன் வயிற்றில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை எட்டியே பார்க்காது. என் தட்டுகள்தான் சாமி முன்னால் இருக்கின்றனவே! அப்படியென்றால் இது யாருடையது?

உடையப்பன் நிமிர்ந்தான். இடுப்பில் கை போயிற்று.

"கடைசியா இதுல கை வச்சது யாரு?"

"பூஜையில வச்ச மிஷின்டா! எவன் கை வைப்பான்?" என்றார் செட்டியார். பக்கத்தில் சுண்டல் கிண்ணத்தோடு அவர் மனைவி விசாலி ஆச்சி நின்றார். செட்டியார் இந்த உலகத்தில் பயப்படுகிற ஒரே ஆள்.

"அப்ப சரி மொதலாளி. இந்தக் கைப்பிடியத் தொறந்தா உள்ள ஒண்ணும் இருக்காது. தொறக்கவா?"

செட்டியாருக்கு வேர்த்துவிட்டது. கார் ஓட்டும் விளையாட்டுத் தட்டு ஒன்றை மேசைக்குள் ஒளித்து வைத்திருப்பார். எனக்குத் தெரியும். ஆச்சிக்குத் தெரியாது.

"பொறு, பொறு! என்னப்பா அவசரம்?"

"இல்ல, சந்தனத்தால கெட்டுச்சுன்னு சொன்னீங்களே..."

"சாமிக்கு வச்ச சந்தனம் என்ன செய்யும்? நான் சும்மா சொன்னேன்."

"அப்ப நவமணி?" என்று என் பக்கம் கையைக் காட்டினான்.

"அவளுக்கென்ன? நாளைக்கும் வருவா, நாளன்னைக்கும் வருவா!"

"ஆச்சி, ஒரு சூடம் கொளுத்துங்க. எல்லாரும் கண்ண மூடிக் கும்பிடுங்க," என்றான் பாவி, முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாமல்.

நான் ஒரு கண்ணைத்தான் மூடினேன். கைப்பிடி 'டக்' என்றது. தட்டு அவன் சட்டைக்குள் போனது. ஒரு விசையைத் தட்டினான். மிஷின் கடகடவென்று எழுந்து நின்றது. செட்டியார் எல்லாரையும் விடப் பக்தியாகக் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

"சாமி காப்பாத்திருச்சு!" என்றார்.

ஆச்சி சூடத்தட்டைக் கீழே வைத்தார். "நேத்துச் சாயங்காலம் கீழேருந்து பீப் பீப்னு சத்தம் கேட்டுச்சு. எலின்னு நெனச்சேன்." உடையப்பன் சட்டை புடைத்திருந்த இடத்தை ஒரு பார்வை பார்த்தார். ஒற்றைக் கண்ணோடு கும்பிட்டது நான் மட்டும் இல்லை போலிருக்கிறது. "நவமணி, அடுத்த வருஷம் அந்த எலியோட கைக்கும் பொட்டு வச்சிரு. அதுவும் ஒரு நாள் ஓய்வா இருக்கட்டும்."

அடுத்த வருஷ பூஜையில் மிஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டுத் திரும்பினேன். ஆச்சி பின்னால் நிற்க, செட்டியார் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். வைத்தேன், கொஞ்சம் பெரிசாகவே.