பிடித்து வீசக் கூடாது என்றொரு சட்டம்

தடுத்து ஆடுவது கோழைத்தனம் என்று முதலில் எவன் சொன்னானோ, அவன் வாயில் மண்ணைப் போட வேண்டும். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம் கடையில் அந்தப் பேச்சைத் தினமும் கேட்டேன். கம்ப்யூட்டர் வகுப்புக்கு டவுனுக்கு வருகிற நான், வகுப்புக்கு முன்னும் பின்னும் அங்கே போய்ச் சண்டை கேம் ஆடுவேன். அந்தக் கடைக்கு வந்த ஒரே பெண் நான்தான்.

பின்னால் நகர்கிற பொத்தானை அழுத்திப் பிடித்தால் நம் ஆள் கையைக் குறுக்கே வைத்து அடியைத் தடுப்பான். பத்திரம்தான். ஆனால் அப்படியே நிற்பவனை எதிராளி கிட்டே வந்து பிடித்துத் தூக்கி வீசலாம். தடுப்பு அதை நிறுத்தாது. அவன் பிடிக்கிற அதே நொடியில் நாமும் பிடிக்கிற பொத்தானை அழுத்தினால் உதறிக்கொள்ளலாம். பிடிக்குப் பதிலாக உதை வந்துவிட்டால், தடுப்பை விட்டதற்கு முழு உதையையும் வாங்க வேண்டியதுதான். எது வரும் என்று யோசிக்கவெல்லாம் நேரம் கிடையாது.

கடையிலோ, பிடித்து வீசக் கூடாது என்று பசங்களாக ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அது அழுகுணி ஆட்டமாம்! அதனால் அங்கே ஒருவனுக்கும் பிடியை உதறத் தெரியாது. எனக்குத் தெரியும். காலையில் கடை காலியாக இருக்கும்போது மெஷினோடு ஆடிப் பழகியவள் நான். மெஷின் கடைச் சட்டத்தை எங்கே மதிக்கிறது? வீசு வீசு என்று வீசும்.

கடையில் பெரிய ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான். கல்லூரிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நாள் முழுக்க இங்கேயே கிடப்பான். அவன் உதை என் தடுப்பில் பட்டுக் கால் கீழே இறங்குவதற்குள் நான் குத்திவிடுவேன். தோற்றதும் கத்துவான்.

"ஏய், தட்த்துக்கினே இருக்கியே, இதெல்லாம் ஒரு ஆட்டமா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஒரு பௌர்ணமி மதியம். வெளியே கிரிவலக் கூட்டம், உள்ளே பசங்க கூட்டம். கடைக்காரர் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உன்னால தெனமும் சண்டையா கீது. இன்னிக்கு இவன்கிட்ட தோத்துட்டன்னா இனிமே வராத."

"ஜெயிச்சா?"

"தாராளமா வா."

வேறு எங்கே போய் ஆடுவேன்? வீட்டில் டி.வி.யைத் தொட்டாலே அப்பா முறைப்பார். உட்கார்ந்தேன்.

கடைசி ரவுண்டில் இருவருக்குமே உயிர் கொஞ்சம்தான் மிச்சம். அவன் கிட்டே வந்தான். பிடிக்கப் போகிறான் என்று பட்டது. சட்டம்தான் இருக்கிறதே என்று தடுப்பை விடாமல் நின்றேன். படுபாவி, தூக்கி வீசிவிட்டான். கடையே விசிலடித்தது.

"இது அழுகுணி இல்லியா?" என்று கத்தினேன்.

"கடைசி ரவுண்டுல செல்லும்மா" என்றார் கடைக்காரர்.

செல்லுமாம்!

"அப்ப எனக்கும் செல்லும். இன்னொரு ஆட்டம் வைங்கண்ணா. அவருக்கு பயமா இருந்தா வேணாம்."

அத்தனை பேர் முன்னால் அவன் எப்படி மறுப்பான்? ஆட்டம் தொடங்கியதும் நேராகப் போய்ப் பிடித்து வீசினேன். எழுந்து தடுத்தான், மறுபடி வீசினேன். பிடிக்குப் பயந்து தடுப்பை விட்டான், உதைத்தேன். உதைக்குப் பயந்து தடுத்தான், வீசினேன். இரண்டு ரவுண்டும் எனக்கே.

கடைக்காரர் டி.வி.யை அணைத்தார்.

"போதும்மா, கெளம்பு. இது பசங்க வர்ற எடம்."

"ஜெயிச்சா வரலாம்னு சொன்னீங்களேண்ணா?"

"சொன்னேன். இப்ப வேணாங்கறேன்."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இவனுங்க முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பின்னாலேயே அந்த ஆட்டக்காரன் ஓடி வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன், மடச்சி.

"ஏங்க, அந்தப் பிடிய எப்படிங்க உதர்றது?"

அதுவரை 'ஏய்' தவிர அவன் வாயில் வேறு வார்த்தை வந்ததில்லை. என்னைத் துரத்திவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து ஆட என்னிடமே பாடம் கேட்கிறான்.

"உள்ள போயி நல்லா அடி வாங்கிக் கத்துக்கோ" என்றேன்.

இன்றைக்கு வந்து கேட்டாலும் அவனுக்குச் சொல்லித் தர மாட்டேன்.