கோணல் குதிரை

என் வீட்டுக்காரருக்கு எதையும் நேராக வைக்கத் தெரியாது. செருப்பு ஒரு மூலை, கண்ணாடி ஒரு மூலை. சதுரங்கப் பலகையிலும் அதே லட்சணம்தான். குதிரையைக் கட்டத்துக்குள் வைக்காமல் கோட்டின்மேல் கோணலாக நிறுத்துவார். கல்யாணமான புதிதில் அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் குதிரையை நானே நேராக்கிவிடுவேன். வீட்டில் யார் கேட்கப்போகிறார்கள்?

வெளியில் கேட்பார்கள். எங்கள் மன்றத்தில் வகுப்பு எடுப்பவள் நான். பத்திரிகையில் சதுரங்கப் பகுதி எழுதுபவளும் நான். முதல் வகுப்பிலேயே தொண்டை கிழியச் சொல்வேன்: உங்கள் காயைத் தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும், எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடியுமானால் வெட்டியே ஆக வேண்டும். நேராக வைக்க நினைத்தால், தொடுவதற்கு முன்பே ‘சரிசெய்கிறேன்’ என்று வாய்திறந்து சொல்லிவிட வேண்டும்.

இத்தனை வருஷத்தில் நான் வெளியூர்ப் போட்டிக்குப் போனதே இல்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்குப் பரீட்சை, ஏதாவது ஒன்று வந்து நிற்கும். இப்போது மாமியாரும் இல்லை, பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டான். வெளியூர் போகிற மன்ற அணியில் ஓர் இடம்தான் பாக்கி. தேர்வுப் போட்டியின் கடைசிச் சுற்றில் ஜெயிப்பவருக்கு அந்த இடம். எதிரில் வந்து உட்கார்ந்தவர் என் வீட்டுக்காரர்.

ஆட்டம் என் கையில்தான் இருந்தது. அவர் ராஜாவுக்கு ஓட இடமில்லாமல் நெருக்கிக்கொண்டிருந்தேன். நகர்த்த வேண்டியது என் முறை. அவர் குதிரை வழக்கம்போலக் கோட்டின்மேல் நின்றது. என் கை, பாழாய்ப்போன கை, தானாகப் போய் அதை நேராக்கியது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

“தொட்டுட்டா சார்.”

நடுவருக்கே சங்கடம். தொடுவதற்கு முன் ஏதாவது சொன்னீர்களா மேடம் என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். அந்தக் குதிரையை என் ராணியால் மட்டும்தான் வெட்ட முடியும், வெட்டினேன். காவலுக்கு நின்ற சிப்பாயால் அவர் என் ராணியை வெட்டினார். அதற்குமேல் ஆட என்ன இருக்கிறது?

பஸ்ஸில் வரும்போது, சட்டம் என்றால் சட்டம்தானே, நீதானே சொல்லிக்கொடுத்தாய் என்று எனக்கே பாடம் நடத்தினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் பத்திரிகையின் உதவி ஆசிரியர் போன் செய்தார். மனைவியைக் கணவர் ஜெயித்தது சுவாரசியமாக இருக்கிறதாம். இந்த வாரம் அந்த ஆட்டத்தையே எழுதச் சொன்னார். எழுத உட்கார்ந்ததும் இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“அந்தக் குதிரை விஷயத்தை மட்டும் விட்டுடேன். நான் ஏதோ ஓசியில ஜெயிச்ச மாதிரி ஆயிடும்.”

“அப்போ ராணி எப்படிப் போச்சுன்னு எழுதட்டும்? ஆடத் தெரியாம நானே கொண்டுபோய்க் குடுத்தேன்னா?”

குத்தலாகத்தான் கேட்டேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“அப்படியே போட்டுடு,” என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.