வேலிக்கு அப்பால் ஆடிய யானை

ஆவணிச் சதுர்த்தியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் நாங்கள் யானை பார்க்கப் போவோம். முதலில் கோயில், அங்கிருந்து நேராக யானை. குவேக்கர்ஸ் ஹில் என்ற புறநகரிலிருந்த எங்கள் வீட்டிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரத்தில், வீடுகள் முடிந்து குதிரைப் பண்ணைகள் தொடங்கும் இடத்தில், ஒரு சிறிய தனியார் விலங்குப் பூங்கா இருந்தது. துறைமுகக் கரையிலுள்ள பெரிய மிருகக்காட்சிச்சாலையைப் போல அங்கே கூட்டம் சேராது. சில கங்காருகள், எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருக்கும் ஓர் ஒட்டகம், பிள்ளைகள் தடவிக்கொடுக்க ஆட்டுக்குட்டிகள். எல்லாவற்றையும் கடந்து பின்கோடிக்குப் போனால், இரட்டை வேலிக்கு அப்பால், ஒரு கிழ யானை.

குளிர்காலம் முடிந்தும் முடியாத பருவம் அது. வீதியோரத்து வாட்டில் மரங்கள் இலை தெரியாமல் மஞ்சளாகப் பூத்திருக்கும். காருக்குள் சந்தனமும் ஈரத் திருநீறும் மணக்கும். அம்மாவின் மடியிலிருக்கும் சில்வர் பெட்டிக்குள் மோதகங்கள் இன்னும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் முன்கண்ணாடியின் ஒரு பக்கம் ஆவி படிந்துவிடும். அப்பா கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே ஓட்டுவார். பின்னிருக்கையில் பட்டுப் பாவாடையும் அதற்கு மேல் பள்ளிக்கூடக் குளிர்ச்சட்டையுமாக நான். என் குழந்தைப் பருவத்தில் எந்த நாளுக்காவது திரும்பிப் போகலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பின்னிருக்கையைத்தான் கேட்பேன்.

யானையின் வேலிக்கு முன்னால் வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிவிடுவார். குளிர்ந்த சரளைக் கல்லில் வெறுங்காலுடன் நின்று கும்பிட்டுவிட்டு, கைகளைக் குறுக்காகப் போட்டு இரு காதுகளையும் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுவார். நானும் போடுவேன். அப்பா மட்டும் பூங்காவின் வரைபடத்தை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருப்பார். ஒருமுறை பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரச் சிறுமி எங்களைப் பார்த்துத் தானும் காதைப் பிடித்து உட்கார்ந்து எழும்பினாள். அவளுடைய தாய் அவளைத் தடுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கும் அம்மா ஒரு மோதகம் கொடுத்தார்.

"பெட்டையெண்டு பலகையில போட்டிருக்கு," என்பார் அப்பா, வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நீர் பிள்ளையார் எண்டு கும்பிடுறீர்."

"சாமியில ஆம்பிளை பொம்பிளை பாக்கிறதே? நீங்கள் சும்மா இருங்கோ."

யானை ஆடிக்கொண்டிருக்கும். உடலின் பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும். தலை அதைத் தொடரும். தலையைத் தும்பிக்கை தொடரும். ஊஞ்சல் ஒரு முனையில் நின்று திரும்புவது போன்ற சிறு தாமதம் ஒன்று அந்த அசைவில் இருந்தது. "பார் பிள்ளை, எங்களைக் கண்டு ஆடுறார்," என்று அம்மா மெல்லக் கைதட்டுவார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அதே தாளத்தில் ஆடுவேன். அம்மா அதைக் கைப்பேசியில் பிடித்து, பிள்ளையார் பாட்டொன்றைச் சேர்த்து, குடும்பக் குழுவுக்கு அனுப்புவார். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழும்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. நாங்கள் மூவரும் தற்காலிக விசாவில் இருந்த வருடங்களில், எதற்கும் நாட்டைவிட்டு வெளியே போக முடியாத அந்தக் காலத்தில், அம்மா முதன்முதலாக இந்த யானையைக் கண்டார். வன்னியில் வளர்ந்தவர் அவர். ஆனாலும் யானையை அருகில் பார்த்ததில்லை. இருட்டில் வயலுக்குள் மரம் முறியும் ஓசையாகத்தான் யானையைத் தெரியும் என்பார். இங்கே, பகல் வெளிச்சத்தில், எங்களைப் போலவே கடல் கடந்து வந்த ஒன்று முழு உருவமாக முன்னால் நின்றது. நிரந்தர விசா கிடைத்தால் வருடாவருடம் வந்து உன் முகம் பார்ப்பேன் என்று நேர்ந்துகொண்டார். கிடைத்தது. "பிள்ளையாருக்கு எங்களுக்கு முந்தியே விசா குடுத்திட்டாங்கள்," என்று அப்பா சொல்லித் திரிந்தார். "அதுதான் அவருக்கு ஆட்டம்."

பல்கலைக்கழகம் தொடங்கியதும் நான் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஓர் அறைக்கு மாறினேன். என்னோடு தங்கியிருந்தவள் கோயம்புத்தூர்க்காரி. விலங்கு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்வதற்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சதுர்த்தியன்று எனக்குப் பரீட்சை இருந்ததால் போக முடியவில்லை. அம்மா அனுப்பிய காணொளியை அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தாள்.

"இது எந்த ஊரு யானை?"

"இஞ்சதான். நான் சின்னனாயிருக்கேக்க இருந்து பாக்கிறனான்."

"அப்பயிருந்தே இப்படித்தான் ஆடுதா?"

"ஓம்."

அவள் அடுப்பைக் குறைத்தாள். "பாவம்ப்பா. இது ஆட்டம் இல்ல. ரொம்ப வருசம் கட்டிப் போட்டு வச்சிருந்தா வர்ற பழக்கம். எங்க ஊர்லயும் கோயில் யானை இப்படித்தான் நிக்கும். டான்ஸ் ஆடுதுன்னு சொல்லி வாழைப்பழம் குடுப்போம். படிக்க வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது." தோசை கருகத் தொடங்கவே திரும்பிவிட்டாள்.

நான் அறைக்குள் போய்ச் சத்தத்தை நிறுத்திவிட்டு மீண்டும் பார்த்தேன். பாட்டு இல்லாதபோது அந்த அசைவில் கொண்டாட்டம் எதுவும் மிஞ்சவில்லை. இலக்கியப் பிரதிகளைச் சொல் சொல்லாக வாசிக்கப் பழக்கப்படுத்தும் படிப்பு என்னுடையது. அந்தப் பழக்கத்தோடு பார்த்தேன். இடது முன்கால் எழுந்து படிந்தது. பின்கால்கள் இடம் மாறின. வலது முன்கால் மட்டும் நிலத்தைவிட்டு எழவே இல்லை. அதைச் சுற்றி எதுவும் கட்டப்பட்டிருக்கவில்லை. பழைய காணொளிகளைத் தேடி எடுத்தேன். அவற்றிலும் அந்தக் கால் அப்படியேதான் இருந்தது. ஒன்றில், வேலியைப் பிடித்தபடி, அதே தாளத்தில் நானும் ஆடிக்கொண்டிருந்தேன்.

துக்கம் என்று அதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. நடந்து முடிந்த ஒரு மகிழ்ச்சிக்குள் யாரோ திரும்பிப் போய், அங்கே வேறொருவரும் இருந்தார் என்று காட்டியது போல இருந்தது.

சில மாதங்களில் அம்மா தொலைபேசியில் அழைத்தார். பூங்காக்காரர்கள் யானையைத் தூரத்திலுள்ள திறந்தவெளிப் பூங்கா ஒன்றுக்கு அனுப்பப் போகிறார்களாம், அங்கே வேறு யானைகள் கூட்டமாக இருக்கின்றனவாம், ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறார்களாம்.

"பிள்ளை, நீ இங்கிலீசில வடிவா ஒரு ஈமெயில் எழுதித் தா. அவரை அனுப்ப வேண்டாமெண்டு."

"ஏனம்மா?"

"வயசு போன நேரத்தில இடம் மாத்தினால் தாங்குவரே? இஞ்ச எங்களையெண்டாலும் தெரியும். அங்க ஆரைத் தெரியும்? உன்ர அப்பாவுக்கு இது பகிடி."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பிள்ளையாரை நாடு கடத்துறாங்கள் எண்டு போடு. சனம் திரண்டு வரும்."

அம்மா சிரிக்கவில்லை. எந்த உறவினரும் இல்லாத இந்த நாட்டில், வருடத்துக்கு ஒருமுறை செருப்பைக் கழற்றிவிட்டு அவர் நின்று பேசிய இடம் அது. அதைக் காப்பாற்றித் தரும்படிதான் என்னிடம் கேட்டார். அந்த மின்னஞ்சலை என்னால் எழுத முடியாது. ஏன் முடியாது என்பதைத் தொலைபேசியில் சொல்லவும் முடியாது. "சனிக்கிழமை வாறன் அம்மா. முதல்ல போய்ப் பாப்பம். பிறகு எழுதுவம்," என்றேன்.

அந்தச் சனிக்கிழமை வெயில் கடுமையாக இருந்தது. பராமரிப்பாளர், அகன்ற தொப்பியணிந்த நடுத்தர வயதுப் பெண், யானைக்குக் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வேலியருகே வந்தார். எங்களை முகத்தளவில் அவருக்குத் தெரியும்.

"அங்க ஆர் அவரை வச்சுப் பாக்கப் போயினமெண்டு கேள்," என்றார் அம்மா. கேட்டேன். தானும் ஒரு மாதம் கூடப் போய் இருக்கப் போவதாகப் பராமரிப்பாளர் சொன்னார். அம்மாவின் முகம் சற்று இளகியது. அதன்பிறகு நான் என்னுடைய கேள்வியைக் கேட்டேன்: யானை ஏன் ஆடுகிறது? அந்தப் பெண் சிறிது தயங்கிவிட்டு, நீளமாகப் பதில் சொன்னார்.

"என்னவாம்? இவ்வளவு நேரம் கதைக்கிறா."

சிறுவயது முதல் இந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். வைத்தியருக்கு முன்னாலும் விசா வழக்கறிஞருக்கு முன்னாலும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறேன். எதையும் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லத் தெரியும்.

"இஞ்ச வாறதுக்கு முதல் ஒரு சர்க்கஸில இருந்ததாம், அம்மா. வெளிநாட்டில. அங்க காலில சங்கிலி போட்டு வச்சிருந்தவையாம். சங்கிலி விட்ட அளவுக்குத்தான் அசையலாம். நிண்ட இடத்திலயே அப்பிடி அசைஞ்சு அசைஞ்சு பழகீட்டுதாம். இஞ்ச வந்து கழட்டின பிறகும் அந்தப் பழக்கம் போகேல்லையாம்."

"எந்தக் காலில?"

"வலக்காலில. முன்னங்கால்."

அம்மா அந்தக் காலைப் பார்த்தார். யானை ஆடிக்கொண்டிருந்தது. ஈரம் காய்ந்த இடங்களில் அதன் தோல் சாம்பல் நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வந்ததும் வழக்கம் போலச் செருப்பைக் கழற்றியிருந்த அம்மா, சுடுகல்லில் அப்படியே நின்றார்.

"அப்ப, எங்களைக் கண்டு இல்லை."

"இல்லை, அம்மா."

"நான் கைதட்டினனான்."

பராமரிப்பாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா இம்முறை என்னைப் பார்க்காமல், நேராக அந்தப் பெண்ணைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். "அங்க போனால் நிப்பாட்டுமோ?"

மொழிபெயர்த்தேன். முற்றாக நிற்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் மற்ற யானைகளோடு நடக்கவும் மண்ணில் புரளவும் தொடங்கினால், இடையிடையே சில நாட்களுக்கு அதை மறந்து இருக்கக்கூடும் என்றார் அந்தப் பெண்.

"சில நாளெண்டாலும்," என்றார் அம்மா. பிறகு கும்பிட்டார். தோப்புக்கரணம் போடவில்லை.

காரில் குதிரைப் பண்ணைகளைத் தாண்டியதும் அப்பா கேட்டார். "என்ன, ஈமெயில் எழுதுறதோ?"

"எழுதத்தான் வேணும்," என்றார் அம்மா. "கெதியா, பிந்தாமல் அனுப்பட்டாம். லொறியில ஏத்தேக்க அந்தக் காலில மட்டும் ஒண்டும் போட வேண்டாமாம். மற்றதெல்லாம் அவைக்குத் தெரியும்."

அன்று மாலையே எழுதி, அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, அனுப்பினேன்.

அந்த நாட்களை நான் இப்போதும் நினைக்கிறேன். வாட்டில் பூவும் ஆவி படிந்த கண்ணாடியும் மோதகச் சூடும் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் கழித்துவிட என்னால் முடியாது. அந்த வலது காலையும் இனி விட்டுவிட முடியாது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

யானை போய்ச் சில வாரங்களுக்குப் பிறகு பராமரிப்பாளரிடமிருந்து சுருக்கமான பதிலொன்று வந்தது. பயணம் நன்றாக முடிந்தது, மற்ற யானைகள் அருகில் வந்து முகர்ந்து பார்த்தன, நன்றாகச் சாப்பிடுகிறது. அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"என்ன சாப்பிட்டதாம்?"

"அது போடேல்லை, அம்மா."

"கேட்டு எழுது," என்றார்.